ஜமுக்காளத்தை விட்டு எழும்பாத சம்மந்திகள்

மக்கா,

இதை வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நான் கீச்சுக்கீச்சென்று பேசுவதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவனும் சிரிப்பான். போனில் கூப்பிட்டால் இன்னும் மோசம். ‘ம்’, ‘ம்’, ‘பாக்கலாம்’, ‘நாளைக்குக் கூப்பிடுறேன்’ என்று நாலு சொல்லில் என்னை முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டுப் பையன் நாளை மறுநாள் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். அவன் பெட்டியில் உனக்கு நம் பலாமரத்துச் சக்க வற்றல் ஒரு பொதி கொடுத்தனுப்புகிறேன். அதற்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். வற்றலைத் தின்றுவிட்டு எண்ணெய்க் கையோடு இதைத் தொடாதே. முதலில் படி, பிறகு தின்னு. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. நீ விமானம் ஏறும் முன்னால் இதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

உன்னிடம் இரண்டு விஷயங்களை ஒளித்திருக்கிறேன். ஒன்று என் உடம்பைப் பற்றியது. மற்றது உனக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் வீட்டைப் பற்றியது. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலாவதைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாம் படித்துவிட்டு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நீ சொன்னால் உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் என் மனசு உடைந்துபோகும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். ஆதிராவை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே உன்மேல் பாரத்தைப் போடுகிறாள் அம்மை என்று நினைக்கிறாயா? ஆமாம், போடத்தான் செய்கிறேன்.

எனக்கு முட்டு வலி. இன்று நேற்று வந்தது இல்லை, நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கன்வாடியில் இருபத்தொன்பது வருஷம் நான் செய்த வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஒருத்தனுக்கு மூக்கு ஒழுகும், ஒருத்தி கஞ்சியைக் கவிழ்ப்பாள், ஒருத்தன் நிக்கரை நனைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல் நிற்பான். தரையில் உட்கார், எழும்பு, பிள்ளையைத் தூக்கு, இறக்கு, மறுபடியும் உட்கார். உதியன்குளங்கரை சுற்று வட்டாரத்தில் பாதிப் பேரை இந்த முட்டில் வைத்துத்தான் வளர்த்தேன். பென்ஷன் ஆன பிறகு உட்கார்ந்து எழும்புவது குறைந்தது, சாப்பாடு குறையவில்லை. உடம்பு பெருத்தது. பிறகு படி இறங்கும்போது முட்டுக்குள் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம், சந்தைக்குப் போய் வந்தால் சாயங்காலம் வீக்கம். காலையில் எழும்பினதும் கொஞ்ச நேரம் கால் மரக்கட்டையாக இருக்கும், நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். இதெல்லாம் தேய்மானத்தின் அடையாளம் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே நோய் சிக்குன்குனியா. நம் ஊரில் எல்லோரும் அந்தக் காய்ச்சலில் சுருண்டு கிடந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு இங்கே யாருக்கு எந்த மூட்டு வலித்தாலும் ‘சிக்குன்குனியாவுக்க மிச்சமாக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தென்னையில் இருந்து விழுந்தவனுக்கும் அதே பதில்தான். நானும் அப்படியே நம்பினேன். நான்கு வகைக் குழம்பு வாங்கி உன் அப்பாவைத் தேய்க்கச் சொன்னேன். குழம்பென்றால் சாப்பிடும் குழம்பில்லை, வைத்தியசாலைத் தைலம்; மஸ்கட்டிலேயே இருந்து இருந்து உனக்கு இதுவும் மறந்திருக்கும். தேய்த்துச் சூடு வைத்தால் சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் சந்தைக்குப் போனால் பழைய வலி பழைய இடத்தில் இருந்தது.

அடுத்து நான் செய்தது பெரிய முட்டாள்தனம். பாறசாலையில் ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு மட்டும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். முடிந்த பிறகும் அதையே வாங்கித் தின்றேன். அது போதாமல், எல்லையில் பனச்சமூட்டுக்குப் போனபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மெடிக்கலில் ‘நல்ல மாத்திரை’ என்று சொல்லி வேறொரு அட்டை வாங்கினேன். காலையில் கேரளா மாத்திரை, சாயங்காலம் தமிழ்நாட்டு மாத்திரை. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து என்னைக் கவனிப்பது போல ஒரு நிம்மதி. இரண்டு மாசத்தில் வயிறு எரிந்தது, பாதம் வீங்கியது, பிரஷர் ஏறியது. பிறகு ஒரு டாக்டரம்மா இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பேர் வேறே, கலர் வேறே, உள்ளே ஒரே மருந்து. “டீச்சர், எல்லை தாண்டினா பேருதான் மாறும், மருந்து மாறாது” என்றார். அந்த மாத்திரையைக் கூடுதலாகத் தின்றால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும் என்று சொல்லி என்னை ஒரு மூச்சு திட்டினார். ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் திட்டி வளர்த்த நான் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

உன் அப்பா சிரிக்க வேண்டாம். அவர் கதையையும் எழுதுகிறேன், அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். போன வருஷம் பூவாரில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போய்ச் சாளை மீன், கொஞ்சு இறால், இறைச்சி என்று ஒன்றையும் விடாமல் தின்றுவிட்டு, குடிக்கக் கூடாததையும் கொஞ்சம் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கால் பெருவிரல் தக்காளிப் பழம் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. வேட்டி உரசினால்கூட அலறினார். பூரான் கடித்தது என்று சாதித்தார். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுப் பூரானைத் தேடினோம். விஷத்துக்குப் பச்சிலை அரைத்துக் கட்டி மூன்று நாள் கிடந்தார். கடைசியில் ரத்தம் பார்த்தபோது யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று தெரிந்தது. அது உப்பு மாதிரி மூட்டுக்குள் படிந்து இப்படி ஒரு நாளில் கொளுத்திவிடுமாம். மருந்து சாப்பிட்டுச் சரியாயிற்று. இப்போது தண்ணீர் நிறையக் குடிக்கிறார், கொஞ்சைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் சமையலறைக்குப் போன பிறகு திரும்பிப் பார்க்கிறார்.

சரி, ஏன் என் வலியை ஒளித்தேன்? உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய நேரம் அது. நம் தெருவில் ஒருத்திக்கு இடுப்பு வலி வந்து, அடுத்த வருஷம் மகனுக்குக் கல்யாணம் நடந்ததும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? மருமகளைக் கொண்டு வரவில்லை, வீட்டு வேலைக்கு ஆள் கொண்டு வந்திருக்கிறாள் என்று சொன்னது. சொன்னவர்களில் நானும் ஒருத்தி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதே பேச்சு என்மேல் திரும்பினால் தாங்க மாட்டேன். ஆதிரா வெள்ளறடையில் லேபில் வேலை பார்க்கிற பெண், சொந்தக் காலில் நிற்கிறவள். முட்டு வலிக்காரி வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று அவள் ஒருநாளும் நினைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் பெண் வீட்டுக்காரர்கள் முன்னால் நான் இருபது வயசுக்காரி மாதிரி நடந்து காட்டினேன்.

நிச்சயத்தன்று நடந்ததை இப்போது கேள். நீ மஸ்கட்டில் இருந்து போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தாய், யாரோ உன்னைக் கையில் பிடித்துப் பந்தலைச் சுற்றிக் காட்டினார்கள். அவர்கள் வீட்டு வழக்கப்படி இரண்டு பக்கத்து அம்மைமாரும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே சம்மணம் போட்டிருந்து தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். நான் வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். தட்டு மாற்றினோம், குரவை இட்டார்கள், பந்திக்குக் கூப்பிட்டார்கள், எல்லோரும் எழும்பிப் போனார்கள். நான் எழும்பவில்லை. எழும்ப வேண்டுமென்றால் நான் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, யானை எழும்புவது போலத்தான் எழும்ப வேண்டும். புதுச் சம்மந்தி முன்னால் அந்தக் காட்சியைக் காட்ட முடியுமா? ஆதிராவின் அம்மை வசந்தா முதலில் எழும்பி உள்ளே போகட்டும், அப்புறம் எழும்பலாம் என்று காத்திருந்தேன்.

வசந்தாவும் எழும்பவில்லை. இருங்க அக்கா, என்ன அவசரம், கொஞ்சம் பேசிட்டிருக்கலாம் என்றாள். சரி, பேசலாம் என்றேன். அவள் மாட்டைப் பற்றிப் பேசினோம். கேரளா ரேஷன் அரிசியும் தமிழ்நாட்டு ரேஷன் அரிசியும் எது கொள்ளாம், எது ருசி என்று பேசினோம். முதல் பந்தி முடிந்தது. மாப்பிள்ளைக்கு என்ன கறி பிடிக்கும், பெண்ணுக்கு எந்தக் காய் ஆகாது என்று பேசினோம். இரண்டாவது பந்தியும் முடிந்தது. எனக்குப் பசி உயிர் போகிறது, கால் மரத்துப் போய் என் கால்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, சம்மந்திகள்னா இப்படி இருக்கணும், என்ன ஒரு ஸ்நேகம் என்றார்கள். உன் அப்பா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார், நீ அதற்கு ஒரு சிவப்பு ஹார்ட் போட்டாய். கடைசியில் ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆள் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினேன், அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் முக்கி முனகி எழும்பினோம். அவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மானம் தப்பித்ததே என்ற நிம்மதியில் பிரதமன் பாயசம் இரண்டு கப் குடித்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஒழுங்காக ஒரு டாக்டரைப் பார்ப்பது என்று கிளம்பினேன். நெய்யாற்றின்கரைக்குப் போக முடியாது. அங்கே டோக்கன் கொடுக்கிறவளும் நர்ஸும் மெடிக்கலில் நிற்கிறவனும் என் அங்கன்வாடிப் பிள்ளைகள். ‘டீச்சரே, முட்டு வேதனயா?’ என்று ஒருத்தன் உரக்கக் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். அதனால் பஸ் மாறி மார்த்தாண்டத்துக்குப் போனேன். அங்கேதான் நான் சொன்ன டாக்டரம்மா இருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முட்டில் இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, போனது திரும்ப முளைக்காது, ஆனால் இருப்பதை வைத்து நன்றாக நடக்கலாம் என்றார். எடையைக் குறைக்க வேண்டும். தொடைச் சதைக்குப் பலம் வேண்டும். அந்தச் சதைதான் முட்டைத் தாங்கிப் பிடிக்கிறதாம். தரையில் உட்காருவதையும் குந்தி இருப்பதையும் விட வேண்டும், வலி கூடினால் மேலே தேய்க்க ஒரு ஜெல். ஆபரேஷன் இப்போது வேண்டாம், நடக்கவே முடியாமல் போனால் அப்போது யோசிக்கலாம் என்றார். துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில் வைத்து அமுக்கிப் பத்து எண்ணுவது ஒரு எக்சர்சைஸ். உன் அப்பா வாய்விட்டு எண்ணுகிறார், வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறார்.

மூன்றாவது தடவை போனபோது என்னைக் கரண்ட் வைக்கிற அறையில் படுக்க வைத்தார்கள். புடவையை முட்டுக்கு மேலே ஏற்றி, இரண்டு காலிலும் வயர் ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள். சின்னதாகச் சுரீர் சுரீர் என்று இருக்கும், சுகம்தான். காற்று வரவில்லை என்று சொன்னேன். கரண்ட் வைக்கிற பெண் நடுவில் இருந்த திரையை இழுத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் வசந்தா இருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் விரல் வலிக்கு வைக்கும் இளஞ்சூட்டு மெழுகுப் பாத்திரத்துக்குள் இருந்தது.

அவளுக்குக் கையால் முகத்தை மூட முடியாது. எனக்கு எழும்பி ஓட முடியாது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தப் பெண், இரண்டு பேரும் தெரிஞ்சவியளா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன், அதே நேரத்தில் வசந்தா ஆமா என்றாள். பிறகு அவள் கண் நிறைந்து வழியத் தொடங்கியது. துடைக்கக் கையில்லை. நான் எட்ட முடியாத தூரத்தில் கட்டுண்டு கிடக்கிறேன். கரண்ட் வைக்கிற பெண்தான் துடைத்துவிட்டாள்.

“அக்கா, எனக்கு இது ஆமவாதமாக்கும்” என்றாள் வசந்தா. “குடும்பத்துல வரும்னு ஆளுவ சொல்லுவாவ. அதுனாலதான் ஒளிச்சேன். எனக்க மகளை வேண்டாம்னு சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க, கல்யாண லெட்டர் இன்னும் அச்சுக்குக் குடுக்கல்ல.”

அவளுக்கு நடந்ததும் நம் ஊர்க் கதைதான். காலையில் எழும்பினால் பத்து மணி வரைக்கும் விரல் மடங்காது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். மாட்டைக் கறக்க முடியவில்லை, தேங்காய் துருவ முடியவில்லை, சேலைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை. உடம்பெல்லாம் அசதி. சிக்குன்குனியாவின் மிச்சம் என்று சொல்லி இரண்டு வருஷத்தைப் பாழாக்கியிருக்கிறாள். என்னுடையது தேய்மானம், அவளுடையது அது இல்லை. உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய சக்தி ஆள் மாறித் தன் மூட்டையே தாக்குகிற நோய். ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதற்கு எண்ணெயும் வலி மாத்திரையும் போதாது. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் ஆபத்து என்று எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும். சாப்பிடத் தொடங்கிச் சில மாசத்தில் வீக்கம் வற்றி, இப்போது மறுபடியும் மாட்டைக் கறக்கிறாள். வளைந்துபோன இரண்டு விரல் மட்டும் நிமிரவில்லை. சீக்கிரமே வந்திருந்தால் அதுவும் வளைந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம்.

அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பாவம் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. என்னை ஏமாற்றிவிட்டாள் என்றுதான் தோன்றியது. நாளைக்கு ஆதிராவுக்கு வந்தால் என் மகன் என்ன செய்வான், அவன் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று தோன்றியது. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். என் முட்டில் இரண்டு வயர் ஒட்டியிருந்தது, நானே அவளை நாலு மாசமாக ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, மக்கா.

வயரைக் கழற்றினதும் நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். யார் என்று சொல்லாமல், ஒரு அம்மைக்கு ஆமவாதம் இருந்தால் மகளுக்கு வருமா என்று கேட்டேன். மற்றவர்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை, இப்படிப்பட்ட அம்மைமாரின் மகள்களில் வராதவர்கள்தான் அதிகம் என்றார். வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம்; பிள்ளை பெற நினைக்கும்போது முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கல்யாண விஷயமா டீச்சர்?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தால் வசந்தா வாசலில் நிற்கிறாள், தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வா, சாயா குடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். விரலை ஊன்றி எழும்ப முடியாம, நிச்சயத்தன்று நீங்க எழும்பட்டும்னு நான் காத்திருந்தேன் என்று அவள்தான் ஆரம்பித்தாள். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன் என்றேன். சிரிப்பு தொடங்கியது. எங்களால் நிறுத்த முடியவில்லை. பசியில் செத்துக்கொண்டே ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினதை நினைத்து நினைத்துச் சிரித்தோம். சாயாக்கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவள் என்னை அக்கா என்பதை விட்டு, அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போல மைனி என்று கூப்பிட்டாள். கல்யாணம் கழியும்வரைக்கும் பிள்ளைகளிடம் வாயைத் திறப்பதில்லை என்று கையடித்துச் சத்தியம் செய்தோம், அவள் விரல் நோகாமல் பைய அடித்தேன்.

அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன். பதினைந்து நாளாக எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஒருநாள் ஆதிரா காலையில் விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, அம்மை, உனக்கு இது முன்னமே தெரியுமா என்று நீ கேட்டால் என்ன சொல்வேன்? அதனால் நீ தெரிந்துகொண்டு தாலி கட்டு. தெரியாமல் கட்டாதே. உனக்குச் சம்மதமானால் இதையும் மனசில் வைத்துக்கொள்: அவளுக்கோ உனக்கோ காலையில் விரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து நின்றால், மூட்டு வீங்கினால், எண்ணெயும் வேண்டாம், சிக்குன்குனியாவும் வேண்டாம், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நீயும் ஏசியில் நாற்காலியில் இருந்து இருந்து வயிறு வைத்திருக்கிறாய், போன லீவில் பார்த்தேன். உன் முட்டு என் முட்டு மாதிரி ஆக இப்போதே வழி செய்யாதே. முடியாது என்று தோன்றினால் எனக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மரியாதையாக நீயே சொல்லு.

இவ்வளவு எழுதி நேற்று நிறுத்தியிருந்தேன். இன்று காலையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் ஆதிரா வந்திறங்குகிறாள், தோளில் லேப் பை. கடிதத்தைப் பேப்பருக்கு அடியில் தள்ளினேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என் சட்டைக் கையை மேலே ஏற்றி ரப்பரைக் கட்டிவிட்டாள். என்ன இது என்றேன். “அம்மை எல்லாம் சொல்லியாச்சு மாமி. ரெண்டு பக்கத்து மாத்திரையும் சேத்துத் தின்னியளாமே. கிட்னி பாக்கண்டாமா? அசையப்பிடாது” என்று சொல்லி ஊசியை ஏற்றினாள். ஆக, சத்தியத்தை முதலில் உடைத்தது நான் இல்லை. வசந்தா என்னைவிட வேகம். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் நானும் ஒளிக்கவில்லை. ஆதிரா, உன் அம்மையின் நோயைப் பற்றி என் மகனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்றேன். ஊசி கையில் இருக்கிறது, அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் ரத்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். “அவருக்குத் தெரியும் மாமி. பெண்ணு பாத்துட்டுப் போனதுக்குப் பொறவு முதல்ல போன் செய்தப்பளே நான் சொல்லியாச்சு. எனக்க அம்மைக்கு இப்படி உண்டு, எனக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்கன்னேன்.”

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“யோசிக்கதுக்கு ஒண்ணும் இல்லைன்னாரு. எனக்க அம்மைக்கும் முட்டு வலி உண்டு, லீவுல வந்தப்பளே பாத்தேன், கேட்டா சண்டை போடுவா, யாருக்கும் தெரியாம ஒத்தைக்கு எங்கேயோ போயி மாத்திரை வாங்கிட்டு வாறா, அதை நினைச்சா எனக்கு இங்க உறக்கம் வராதுன்னாரு. உனக்கு வந்தா நீ ஒத்தைக்குப் போவண்டாம், நான் கூட வருவேன்னாரு.”

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அமுக்கிப் பிடித்தாள். நான் அழுதேன். ஊசி வலிக்கிறது என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. உன் அப்பா பேப்பரை மடக்கி வைத்துவிட்டு வந்து, என்ன, ஏது என்று பதறினார். ஒன்றும் இல்லை, நம் மகன் நல்லவன் என்று சொன்னேன். அது எனக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இனி இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு, உன்னிடம் ஒளித்ததை எல்லாம் என் கையெழுத்தில் நீ வைத்திருக்கட்டும் என்று தோன்றியது. வசந்தாவைக் கூப்பிட்டுச் சத்தியத்தை உடைத்ததற்கு முதலில் சண்டை போட்டேன், பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணச் சடங்குக்கு அம்மைமார் இரண்டு பேருக்கும் நாற்காலி போட வேண்டும் என்று பந்தல்காரனிடம் அவளே சொல்லிவிட்டாள். வழக்கம் இல்லையே என்று யாராவது கேட்டால் முட்டு வலி என்று மைக்கில் சொல்லுவோம்.

வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். நீ வந்து இறங்குகிறதற்கு மறுநாள் புதன்கிழமை, மார்த்தாண்டத்தில் எனக்கு டோக்கன் உண்டு. பயணக் களைப்பு இருக்கும், தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நீ என் கூட வா, மக்கா.

உன் அம்மை